ஸ்கார்ஃப் படத்தை எடுத்துவிட்ட அண்ணனுக்கு

மூன்று நாளாகப் பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை. டிசம்பர் 9 அன்று நம் குழுவில், பிரிட்டிஷ் விமானப்படை விமானி ஆர்தர் ஸ்கார்ஃப் படத்தைப் போட்டு இரண்டு வரி அஞ்சலி எழுதினேன். "வெள்ளைக்காரனுக்கு எதற்கு ஒப்பாரி? சயாம் மரண ரயில் பாதை போடப் போய்ச் செத்த நம்ம ஆளுங்க கண்ணுக்குத் தெரியலையா?" என்று கேட்டு, படத்தையே குழுவிலிருந்து எடுத்துவிட்டீர்கள். சரி. அவர் யார் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

நாம் ஃபெர்ரி ஏறும் அதே பட்டர்வொர்த்திலிருந்து கிளம்பியவர் அவர். 1941 டிசம்பர் 9. தெற்குச் சயாமின் சிங்கோராவில் ஜப்பான்காரன் பிடித்திருந்த விமானத் தளத்தைத் தாக்க பிளென்ஹைம் என்ற பிரிட்டிஷ் குண்டுவீச்சு விமானங்கள் தயாராக நின்றன. இவர் மேலே எழும்பிய நேரம், ஜப்பான் விமானங்கள் வந்து கீழே நின்றவற்றை நாசமாக்கின. இவர் திரும்பியிருக்கலாம், யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். தனியாகப் போய் குண்டு போட்டார். திரும்பும் வழியில் ஜப்பான் விமானங்கள் சுட்டதில் இடது கை சிதைந்தது, முதுகிலும் காயம். கூட இருந்தவர்கள் தாங்கிப் பிடிக்க, அலோர் ஸ்டாரில் விமானத்தை இறக்கினார். அவர்கள் இருவருக்கும் ஒரு கீறல் இல்லை. இவர் ஆஸ்பத்திரியில் இறந்தார். வயது 28. மனைவி அந்த ஊர் ஆஸ்பத்திரியில்தான் தாதி. பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா சிலுவை கொடுத்தது 1946-இல்.

"பேரரசுக்காகத்தானே பறந்தார்?" ஆமாம். அதற்காக அவர் சாவு சாவு இல்லையா?

சயாமைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். அந்த ரயில் பாதை போட ஜப்பான்காரர்கள் என் தாத்தாவைத் தோட்டத்து லயத்திலிருந்துதான் லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். திரும்பவே இல்லை. திதி தெரியாததால் பாட்டி சாகும்வரை ஆடி அமாவாசையில்தான் படைத்தார். அவருடைய வெற்றிலைப் பெட்டி இன்னும் எங்கள் சாமி மாடத்தில் இருக்கிறது, உள்ளே காய்ந்த சுண்ணாம்போடு.

அம்மாவைத் தைப்பிங் போர்க் கல்லறைக்கு ஒருமுறை கூட்டிப்போனேன். ஸ்கார்ஃப் கல்லின் மேல் ஒட்டியிருந்த புல்லை முந்தானையால் துடைத்துவிட்டு, "இந்தப் பிள்ளைக்காவது ஒரு கல்லு இருக்கே" என்றார். அப்புறம் மீதிப் பூவை எடுத்துக்கொண்டு, சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் இந்தியச் சிப்பாய்கள் கல்லறைக்கு அவரே நடந்தார். எந்தச் சாவு நம்முடையது என்று அவர் கணக்குப் பார்க்கவில்லை. ஒருவருக்கு அழுதால் இன்னொருவருக்குக் கண்ணீர் மிச்சமிருக்காது என்று யார் சொன்னது?

படத்தை இன்று திரும்பவும் போட்டிருக்கிறேன். பக்கத்தில் தாத்தா பெயரையும் எழுதியிருக்கிறேன். பெயர் மட்டும்தான், அவரை யாரும் படம் எடுத்ததே இல்லை. இதையும் எடுப்பதென்றால், அண்ணே, முதலில் எனக்குப் போன் பண்ணுங்கள்.