ஹாலஜன் கூட்டில் எச்ஐடி பல்பு: எதிரே வருகிறவர் கண் என்ன பாவம் செய்தது?

பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாயிற்று, இனி முடியாது. சிங்கப்பூரில் ராத்திரி ஏதாவது ஒரு விரைவுச்சாலையில் ஏறுங்கள். கொஞ்ச நேரத்தில் பின்கண்ணாடியில் நீலம் கலந்த வெள்ளை வெளிச்சம் ஒன்று வந்து கண்ணைக் குத்தும். யாரோ ஹை பீம் போட்டுக்கொண்டு வருகிறார் என்று ஒதுங்கி வழி விட்டால், தாண்டிப் போவது சரக்கு வண்டிக்குரிய ‘ஜி’ எண் பலகை மாட்டிய பழைய பிக்கப். ஹை பீமெல்லாம் இல்லை, அதுதான் அவருடைய லோ பீம்! ஹாலஜன் பல்புக்கென்று செய்த கூட்டுக்குள், கடையில் வாங்கிய எச்ஐடி (இழை இல்லாமல் வாயுவில் மின்வில் எரியும் பல்பு) கிட்டைத் திணித்து வைத்திருக்கிறார்.

கார்க்காரராவது கண்ணாடியைச் சாய்த்துக்கொள்ளலாம். மழையில் மோட்டார்சைக்கிள் ஓட்டுகிறவர் என்ன செய்வார்? ஹெல்மெட் கண்ணாடியில் நிற்கும் ஒவ்வொரு துளியும் அந்த வெளிச்சத்தை வாங்கிச் சிதறடிக்கும். கோடு தெரியாது, முன்னால் போகிறவரின் பிரேக் விளக்கு தெரியாது. 70 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு வினாடி கண் போனால் கிட்டத்தட்ட 39 மீட்டர் குருட்டு ஓட்டம். வேலை முடிந்து லாரியின் பின்தட்டில் உட்கார்ந்து விடுதிக்குத் திரும்பும் தம்பிமார்களைப் பாருங்கள். பின்பக்கம் பார்த்து உட்கார்ந்திருப்பவர்களுக்கு முகம் திருப்ப இடமில்லை. துவாஸ் வரை அந்த வெளிச்சத்தை முகத்தில் வாங்கிக்கொண்டுதான் போக வேண்டும்.

“மாட்டினால் போதும், வேறு ஒன்றும் செய்ய வேண்டாம்” என்று சொல்லி இதைத் தலையில் கட்டுகிறார்களே, அதுதான் வயிற்றெரிச்சல். விற்கிறவருக்கு விஷயம் தெரியாது என்று நம்புவதற்கில்லை.

ஒரு எச்4 ஹாலஜன் பல்பைக் கையில் எடுத்துப் பாருங்கள். பெரும்பாலான பழைய பிக்கப்களில் இதுதான் இருக்கும். உள்ளே இரண்டு இழைகள். நுனிப் பக்கம் இருப்பது லோ பீம் இழை. அதற்கு அடியில் சின்னதாக ஓர் உலோகக் கிண்ணம் இருக்கும். அந்தக் கிண்ணம்தான் முழு விஷயமும். பல்பைச் சுற்றியிருக்கும் குழிந்த கண்ணாடியான ரிஃப்ளெக்டரின் கீழ்ப்பாதிக்கு வெளிச்சம் போகாமல் அது மறைக்கிறது. கீழ்ப்பாதியில் பட்டால் வெளிச்சம் மேலே எழும்பி எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்கும் என்பதற்காகவே அந்த மறைப்பு. கிண்ணத்தின் ஒரு விளிம்பு 15 டிகிரி சாய்ந்திருக்கும். இடப்பக்கம் ஓட்டும் நம் சாலையில் இடது ஓரத்தில் மட்டும் வெளிச்சம் சற்று மேலேறி நடைபாதையைக் காட்டுவது அந்தச் சாய்வால்தான். இழை எங்கே நிற்கிறது, கிண்ணம் எங்கே முடிகிறது என்பதை மில்லிமீட்டர் கணக்கில் வைத்துத்தான் அந்த ரிஃப்ளெக்டரின் வளைவையே அமைத்திருக்கிறார்கள்.

எச்ஐடியில் இழையே கிடையாது. இரண்டு மின்முனைகளுக்கு நடுவே, ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் இடைவெளியில், செனான் வாயுவும் உலோக உப்பு ஆவியும் சேர்ந்து எரியும் மின்வில் அது. மேல்நோக்கி வளைந்திருக்கும், இரண்டு முனைகளிலும் அதிகம் ஜொலிக்கும். எச்4 லோ பீம் 55 வாட்டில் சுமார் 1,000 லூமன் (வெளிச்சத்தின் அளவு) தரும். 35 வாட் டி2எஸ் எச்ஐடி பல்பு 3,200 லூமன் தரும். மூன்று மடங்கு வெளிச்சம், வேறு வடிவம், வேறு இடம். அதைக் கொண்டுபோய் இழைக்காகச் செய்த கண்ணாடிக்கு முன்னால் வைத்தால் கட்-ஆஃப் கோடு, அதாவது வெளிச்சம் வெட்டினாற்போல் முடியும் மேல் விளிம்பு, எங்கிருந்து வரும்? கிட்டோடு வரும் தகர மறைப்பு பல்புக்குப் பல்பு ஒரு மாதிரி உட்காருகிறது.

1991இல் பிஎம்டபிள்யூ 7 சீரிஸில் எச்ஐடி வந்தபோதே தயாரிப்பாளர்களுக்கு இதெல்லாம் தெரியும். பிறகு ரிஃப்ளெக்டர் விளக்குக்கென்றே டி2ஆர் என்று தனி பல்பு செய்தார்கள். கண்ணாடிக் குழாய் மேல் கறுப்புப் பட்டை பூசி, வெளிச்சம் போகக்கூடாத பக்கத்தை மறைத்திருப்பார்கள். அந்தப் பல்புக்கென்று ரிஃப்ளெக்டரையும் தனியாக வடிவமைத்தார்கள். ஐக்கிய நாடுகள் அமைப்பின் வாகன விதி 48, லோ பீம் பல்பு 2,000 லூமனைத் தாண்டினால் தானாக மேல்கீழ் சரிசெய்துகொள்ளும் அமைப்பும், விளக்கைக் கழுவும் அமைப்பும் வேண்டும் என்கிறது. இதில் எது அந்தக் கிட்டுப் பெட்டிக்குள் இருக்கிறது? இரண்டு பல்பு, பல்பை மூட்டி எரியவைக்கும் மின்பெட்டியான பேலஸ்ட் இரண்டு, ஒரு ஒயர்க் கட்டு. அவ்வளவுதான்.

தானாகச் சரிசெய்யும் அமைப்பு எதற்கு என்று கேட்கிறவர்களுக்கு ஒரு கணக்கு. பிக்கப்பின் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே ஏறத்தாழ 3 மீட்டர். பின்னால் சிமென்ட் மூட்டையும் டைல்ஸ் பெட்டியும் ஏற்றுகிறீர்கள், பின்புறம் 6 சென்டிமீட்டர் இறங்குகிறது. வெளிச்சம் 2 சதவீதம், அதாவது மீட்டருக்கு 2 சென்டிமீட்டர், மேலே எழும்பும். முன்பு 1 சதவீதம் கீழ்நோக்கி இருந்தது இப்போது 1 சதவீதம் மேல்நோக்கி. தரையிலிருந்து 90 சென்டிமீட்டர் உயரத்தில் விளக்கு இருந்தால், 50 மீட்டருக்கு அப்பால் அந்தக் கோடு 1.4 மீட்டரில் நிற்கும். செடான் காரில் உட்கார்ந்தவரின் கண் அதற்குக் கீழேதான் இருக்கிறது. ஹாலஜனிலேயே இது தொந்தரவு. இதில் வெளிச்சத்தை மூன்று மடங்காக்கினால்? சுமை ஏற்றியதும் டாஷ்போர்டில் 0 முதல் 3 வரை எண் போட்ட சக்கரத்தைத் திருப்ப வேண்டும் என்பதுகூடப் பலருக்கு நினைவில் இருப்பதில்லை.

“எனக்கு நல்லாத் தெரியுதே அண்ணே” என்பார்கள். தெரிவது வண்டிக்கு முன்னால் 10, 15 மீட்டர். பளிச்சென்று வெள்ளைத் தரை. பக்கத்துத் தரை அத்தனை பளிச்சென்று இருந்தால் கண்ணின் பாவை சுருங்கும். சுருங்கினால் தூரத்து இருட்டில் நிற்பது இன்னும் மங்கும். மேலே சிதறும் வெளிச்சம் சாலைப் பலகைகளில் பட்டுத் திரும்பி உங்கள் கண்ணுக்கே வரும். லிம் சூ காங் சாலை மாதிரி இருட்டான இடத்தில், கறுப்புச் சட்டையோடு ஓரமாக நடக்கிறவரைக் காட்ட வேண்டிய வெளிச்சம் மரக்கிளையில் போய் அடித்துக்கொண்டிருக்கிறது. மழை பெய்தால் கேட்கவே வேண்டாம். ஈரத் தார் அத்தனையையும் முன்னோக்கி வழுக்கிவிடும், உங்களுக்குக் கோடு தெரியாது, எதிரே வருகிறவருக்குக் கண் தெரியாது.

கெல்வின் எண்ணைக் காட்டி ஏமாற்றுவது தனிக் கொடுமை. கெல்வின் என்பது நிறம், வெளிச்சத்தின் அளவல்ல. கார் தயாரிப்பாளர்கள் போடும் எச்ஐடி 4,300 கெல்வின்தான். 6,000இல் வெளிச்சம் குறையத் தொடங்கும், 8,000 நீலம், 10,000க்கு மேல் ஊதா. எண் ஏற ஏற லூமன் இறங்கும், கண் கூச்சம் ஏறும். “8,000 போடுங்க, பவர் அதிகம்” என்று சொல்லும் கடையிலிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

அடுத்தவருக்கு வரும் தொல்லை ஒருபக்கம் இருக்கட்டும், உங்கள் வண்டிக்கு என்ன ஆகிறது என்று பாருங்கள். பேலஸ்ட் பல்பை மூட்ட 20,000 வோல்ட்டுக்கு மேல் ஒரு துடிப்பு அனுப்பும். மூளும் அந்தச் சில வினாடிகளில், ஓடும்போது இழுப்பதைப் போல் பல மடங்கு மின்னோட்டம் இழுக்கும். ரிலே (பேட்டரியிலிருந்து நேராக மின்சாரம் தரும் மின்சுவிட்ச்) போடாமல் பழைய ஒயரிலிருந்தே மின்சாரம் எடுத்தால் ஒயர் சூடாகும், ஃபியூஸ் போகும், ஒரு பக்கம் மினுக்கும். ஒயரை வெளியே எடுக்கப் பின்பக்க ரப்பர் மூடியில் 25 மில்லிமீட்டர் அளவில் ஓட்டை போடுவார்கள். அதற்குரிய ரப்பர் வளையம் சரியாக உட்காராது. நம் ஊர் ஈரக் காற்று உள்ளே புகுந்து விளக்குக்குள் நீர் பூத்து நிற்கும், கொஞ்ச நாளில் ரிஃப்ளெக்டரின் பளபளப்பு உரியும். அதன்பிறகு நல்ல ஹாலஜனைத் திருப்பிப் போட்டாலும் வெளிச்சம் வராது, விளக்கையே மாற்ற வேண்டியதுதான்.

ஹை-லோ இரண்டுக்கும் ஒரே பல்பை முன்பின் நகர்த்தும் காந்தக் கம்பிச்சுருள் வகையில் இன்னொரு ஆபத்து. தூசியும் சூடும் சேர்ந்து அது ஹை பக்கம் மாட்டிக்கொண்டால், நீங்கள் லோ என்று நினைத்து ஊர் முழுக்க ஹை பீமில் ஓட்டுவீர்கள். பல ஜப்பானிய பிக்கப்களில் எச்4 சாக்கெட்டின் பொது முனை பாசிட்டிவ், சுவிட்ச் மாற்றுவது எர்த் பக்கம். இதைப் பார்க்காமல் சாதாரண ஒயர்க் கட்டை மாட்டினால் ஹை-லோ வேலை செய்யாது, டாஷ்போர்டின் நீல விளக்கும் குழம்பும். அப்போது எந்த பீமில் ஓடுகிறோம் என்பதே ஓட்டுநருக்குத் தெரியாமல் போகிறது.

சட்டத்தைப் பற்றிச் சுற்றி வளைக்க ஒன்றுமில்லை. தயாரிப்பாளர் பூட்டி அனுப்பாத எச்ஐடியை நாமாகப் பூட்ட நிலப் போக்குவரத்து ஆணையம் அனுமதிப்பதில்லை. “ப்ரொஜெக்டரோடு (வெளிச்சத்தை லென்ஸ் வழியே குவிக்கும் கூடு) போட்டால் சரியா?” என்றால், அதுவும் பின்னால் பூட்டிய எச்ஐடிதான். போதாக்குறைக்கு இணையத்தில் வாங்கும் ப்ரொஜெக்டர்களில் பல, வலப்பக்கம் ஓட்டும் நாடுகளுக்கானவை. அதன் கட்-ஆஃப் வலது பக்கம் மேலேறும், நேராக எதிர்த்தடத்துக்காரர் கண்ணுக்கு. இதெல்லாம் தெரிந்தும், பரிசோதனை நிலையத்துக்குப் போகும் முன்பு ஹாலஜனை மாட்டி, சான்றிதழ் வாங்கி, வெளியே வந்ததும் மறுபடி எச்ஐடியை மாட்டுகிற பழக்கம் இருக்கிறதே, அதைத்தான் மன்னிக்க முடியவில்லை. செய்வது தப்பு என்று தெரியாதவர் ஏன் கழற்றி மாட்டப் போகிறார்? இதில் முதலாளி வாங்கித் தந்த வண்டியை ஓட்டும் தம்பி மாட்டிக்கொண்டால், வேலைக்கே வேட்டு.

வெளிச்சம் போதவில்லை என்ற குறை நியாயமானது. அதற்கு வழி இருக்கிறது, அதுவும் சில பத்து வெள்ளிக்குள் பாதி வேலை முடிந்துவிடும். அதை ஒரு கடைக்காரரும் முதலில் சொல்வதில்லை என்பதுதான் இத்தனை கோபத்துக்கும் காரணம்.

முதலில் மல்டிமீட்டரை எடுங்கள். எஞ்சினை ஓடவிட்டு, லோ பீமைப் போட்டு, பேட்டரி முனையில் அளங்கள். பிறகு கனெக்டரைக் கழற்றாமல் பின்பக்கமாக ஊசியை நுழைத்து, பல்புக்கு வரும் இரண்டு முனைகளுக்கு நடுவே அளங்கள். வித்தியாசம் அரை வோல்ட்டுக்கு மேல் இருந்தால் அங்கேதான் நோய். ஹாலஜனின் வெளிச்சம் வோல்ட்டைவிடப் பல மடங்கு வேகமாக விழும். 13.5 வர வேண்டிய இடத்தில் 12 வந்தால் மூன்றில் ஒரு பங்கு வெளிச்சம் காணாமல் போகும். பச்சை பூத்த எர்த் போல்ட்டைக் கழற்றி, மணல்தாளால் தேய்த்து, இறுக்குங்கள். கறுத்த சாக்கெட்டை மாற்றுங்கள். அப்படியும் தேறவில்லை என்றால், பேட்டரியிலிருந்து 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயரில், 30 ஆம்பியர் ரிலே இரண்டு, பேட்டரிக்கு அருகிலேயே 20 ஆம்பியர் ஃபியூஸ் வைத்து, தெரிந்த எலக்ட்ரீஷியனிடம் இழுக்கச் சொல்லுங்கள்.

அடுத்தது மஞ்சள் பூத்த முகப்பு. வெயிலில் நிற்கும் பாலிகார்பனேட் சில வருடத்தில் மங்கிவிடும். சுற்றிலும் பெயின்டில் டேப் ஒட்டி, தண்ணீர் விட்டு விட்டு 800, 1,500, 2,000, 3,000 என்று மணல்தாளை மாற்றித் தேய்த்து, பாலிஷ் கலவையால் துடையுங்கள். அதோடு விட்டால் சில மாதத்தில் பழைய கதைதான். புறஊதாக் கதிரைத் தடுக்கும் கிளியர் கோட் அடித்தால்தான் நிற்கும். பட்டறைகள் பல இந்தக் கடைசிக் கட்டத்தைத்தான் விட்டுவிடுகின்றன. கேட்டு வாங்குங்கள்.

பல்பு 60/55 வாட் எச்4தான், பிலிப்ஸ், ஓஸ்ராம் மாதிரி தெரிந்த கம்பெனியில், நீலம் பூசாதது. இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுங்கள், கண்ணாடியைக் கையால் தொடாதீர்கள், அகன்ற காது மேலே வரும்படி முழுதாக உட்கார்ந்ததா என்று பாருங்கள். 100/90 வாட்டுக்கு ஆசைப்பட்டால் சாக்கெட் உருகும்.

கடைசியாக, யாருமே செய்யாத வேலை: உயரம் சரிசெய்வது. டயரில் காற்று சரியாக, வழக்கமான சுமையோடு, ஓட்டுநர் இருக்கையில் ஒருவர் உட்கார்ந்திருக்க, சமதளத்தில் சுவரிலிருந்து 5 மீட்டரில் வண்டியை நிறுத்துங்கள். டாஷ்போர்டுச் சக்கரம் அந்தச் சுமைக்குரிய எண்ணில் இருக்கட்டும். விளக்கின் நடு உயரத்தைச் சுவரில் குறித்து, அதிலிருந்து 5 சென்டிமீட்டர் கீழே கோடு போடுங்கள். லோ பீமின் வெட்டு அந்தக் கோட்டில் நிற்க வேண்டும், இடது ஓரம் மட்டும் மேலேறலாம். விளக்குக்குப் பின்னால் இருக்கும் திருகைத் திருப்பினால் இறங்கும். பட்டறையில் கருவி இருந்தால் இன்னும் நல்லது.

ஏற்கெனவே எச்ஐடி பூட்டியவர்கள், ஓட்டை போட்ட ரப்பர் மூடியையும் சேர்த்து மாற்றுங்கள். வெட்டிய ஒயர்களை டேப் சுற்றி மறைக்காமல் புதுக் கனெக்டர் போடுங்கள். பேலஸ்ட்டைக் கழற்றும் முன் பேட்டரியின் நெகட்டிவ் முனையைப் பிரித்து வைப்பது கட்டாயம். கழற்றிய கிட்டை இன்னொரு பிக்கப்காரருக்கு விற்காதீர்கள்.