பல் டாக்டரிடம்கூட மறைக்கச் சொன்னால் எப்படி?

எனக்கு பைபோலார் இருக்கிறது; மனசு சில நாள் அளவுமீறிப் பொங்கும், சில நாள் அடியோடு துவண்டுவிடும் மனநோய். அதற்கான மருந்து லித்தியத்தைத் தினமும் சாப்பிடுகிறேன். தங்கச்சி கல்யாணம் முடிகிறவரை இதை வெளியே சொல்லாதே என்று வீட்டில் கேட்டுக்கொண்டார்கள். அவளிடம் கேட்டு, அவள் சரி என்ற பிறகுதான் எழுதுகிறேன்.

மனநோயை மறைப்பது மானப் பிரச்சினை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். லித்தியம் சாப்பிடுகிறவனுக்கு அது உயிர்ப் பிரச்சினை. ரத்தத்தில் இந்த மருந்து பொதுவாக லிட்டருக்கு 0.6-லிருந்து 1.0 மில்லிமோல் வரை இருக்க வேண்டும். குறைந்தால் பலன் இல்லை, அளவு மீறினால் விஷம். அதனால்தான் அடிக்கடி ரத்தப் பரிசோதனை. ராத்திரி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து ரத்தம் கொடுக்க வேண்டும். கூடவே தைராய்டு, கிட்னி பரிசோதனையும் உண்டு. பல்வலிக்கும் மூட்டுவலிக்கும் நாம் சாதாரணமாக வாங்கிப் போடுகிற இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் எல்லாம் இந்த அளவை ஏற்றிவிடக்கூடியவை. சில பிரஷர் மாத்திரைகளும் அப்படித்தான். வாந்தி பேதியில் உடம்பு வற்றினாலும் ஏறும். ஏறினால் கை உதறும், நாக்கு குழறும், நடை தள்ளாடும். பார்ப்பவர்கள் குடித்திருக்கிறான் என்று ஒதுங்கிப் போவார்கள்.

சமீபத்தில் பல் பிடுங்கப் போனபோது அத்தை துணைக்கு வந்தார். "வேற ஏதாவது மாத்திரை எடுக்கிறீங்களா?" என்று டாக்டர் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை, "சத்து மாத்திரைதாங்க, வேற ஒண்ணும் இல்ல" என்றார். "லித்தியம் சாப்பிடுறேன் டாக்டர், பைபோலாருக்கு" என்றேன். டாக்டர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. எழுதியிருந்த வலி மாத்திரையை அடித்துவிட்டு பாராசிட்டமால் எழுதினார், அவ்வளவுதான். வெளியே வந்ததும் அத்தை அழுதுவிட்டார். "அங்க நின்ன நர்ஸ் நம்ம தெருப் பொண்ணுடா."

அத்தை மீது எனக்குக் கோபமே இல்லை. நான் ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் தூங்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் அவர். இவ்வளவு பாசமுள்ள மனுஷியையே டாக்டரிடம் பொய் சொல்ல வைக்கிறதே இந்த ஊர் வாய், கோபமெல்லாம் அதன் மீதுதான்.

2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி ஏர்வாடியில் மனநோயாளிகளைத் தங்கவைத்திருந்த காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டிவைக்கப்பட்டிருந்ததால் தப்பிக்க வழியில்லாமல் 28 பேர் இறந்தார்கள். 2018-இல் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியில் கட்டக் கூடாது என்கிறது. உடல்நோய்க்குத் தருவது போலவே மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்கிறது. நல்ல சட்டம். ஆனால், விருந்தாளி வந்தால் மாத்திரையை அட்டையிலிருந்து பிரித்து வைட்டமின் டப்பாவில் போட்டு வைக்கிற வீட்டுக்குள் எந்தச் சட்டம் வந்து என்ன செய்யும்? அந்த மாத்திரை சாப்பிடுகிறவன் மயங்கி விழுந்தால் ஆம்புலன்ஸில் வருகிறவருக்கு என்ன தெரியும்?

உங்கள் வீட்டில் லித்தியம் சாப்பிடுகிறவர் இருந்தால் தயவுசெய்து அட்டையைத் தூக்கிப் போடாதீர்கள். மருந்துச் சீட்டை அவர் பர்ஸிலேயே வையுங்கள். காய்ச்சலோ பல்வலியோ, எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் இதைச் சொல்லுங்கள். யாரிடம் பேசுவது என்றே தெரியாதவர்கள் 14416-க்குக் கூப்பிடலாம். அரசின் இலவச மனநல உதவி எண், தமிழில் பேசலாம்.

அப்புறம், தங்கச்சிக்கு வரன் பார்க்கிறோம். பெண் பார்க்க வருகிறவர்களிடம் என் நோயைப் பற்றி நானே சொல்லிவிடுகிறேன் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். அம்மா இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. "இதுக்காக வேணாம்னு போற வீடு எனக்கும் வேணாம்" என்று தங்கச்சி சொல்லிவிட்டாள்.