மாத்திரைக்கு முன்னால் பரிசோதனை

வருமானம் குறைந்த நாடுகளில் நுரையீரல் புற்றுநோய்க்கான இலக்கு மருந்துகள் (கட்டியில் உள்ள குறிப்பிட்ட மரபணு மாற்றத்தைக் குறிவைப்பவை) கிடைக்காததற்கு விலைதான் காரணம் என்கிறது நீங்கள் எழுதிய கட்டுரை. பாதிதான் சரி. ஜெஃபிடினிப், எர்லோடினிப் போன்ற பழைய மாத்திரைகள் இப்போது ஜெனரிக்காகவே, அதாவது மூல நிறுவனம் அல்லாத பிறர் தயாரிக்கும் மலிவான வடிவிலேயே, வருகின்றன. 2019-இல் உலக சுகாதார நிறுவனம் எர்லோடினிப்பை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்துவிட்டது.

சிக்கல் அதற்கு முன்பே தொடங்குகிறது. செல் வளர்ச்சியைத் தூண்டும் இஜிஎஃப்ஆர் (EGFR) என்ற மரபணுவில், கட்டியில் மாற்றம் இருப்பவர்களுக்குத்தான் இவை நன்றாக வேலை செய்யும். கிழக்காசியாவில் நடந்த ஐபாஸ் (IPASS) என்ற மருத்துவ ஆய்வு (2009) இதைத் தெளிவாகக் காட்டியது: மாற்றம் உள்ளவர்களுக்கு ஜெஃபிடினிப் கீமோவைவிட அதிக காலம் நோயைக் கட்டுப்படுத்தியது, இல்லாதவர்களுக்குக் கீமோதான் மேல். அதனால் குத்துமதிப்பாக மாத்திரை கொடுப்பது ஆபத்து. சோதிக்கவோ பெரும்பாலும் கட்டியிலிருந்து எடுத்த திசு வேண்டும். எடுத்த துணுக்கு சின்னதாக இருந்தால் புற்றுநோயை உறுதிசெய்வதிலேயே தீர்ந்துபோகும். திசு கெடாமல் காக்கும் ஃபார்மலின் திரவத்தில் சரியாகப் பதப்படுத்தாவிட்டால் அதுவும் வீண். அப்புறம் மரபணு ஆய்வகம் வேறு ஊரில், முடிவு வர வாரக்கணக்கு. இதற்கும் முன்னால், இருமலைக் காசநோய் என்று நினைத்து மாதக்கணக்கில் மருந்து சாப்பிட்டவர்கள் எத்தனை பேரோ!

வேறு இலக்கு மருந்துகளுக்கான ஏஎல்கே (ALK) என்ற இன்னொரு மரபணுவின் மாற்றத்தை மட்டும் சாயமேற்றும் முறையில், ஓரளவு வசதியுள்ள நோய்க்குறியியல் ஆய்வகத்திலேயே கண்டுபிடிக்கலாம்.

பழைய மாத்திரைக்கு நோய் பழகிய பிறகு ஒசிமெர்டினிப் என்ற புதிய மாத்திரை தேவைப்படும்போது விலை இடிக்கும், அதில் கட்டுரையோடு சண்டையில்லை. மருந்து நன்கொடைத் திட்டங்களைப் பற்றி அடுத்து எழுதினால், சோதனைச் செலவை யார் ஏற்கிறார்கள் என்பதையும் விசாரித்து எழுதுங்கள்.