டிப்ளமோ படித்தவருக்கும் பதிவு உண்டு

அக்கா, பி.எஸ்சி. பட்டம் இல்லாதவர் தென்னாப்பிரிக்காவில் இயற்கை விஞ்ஞானியாகப் பதிவு செய்யவே முடியாது என்ற செய்தி இந்தக் குழுவில் பலமுறை பகிரப்பட்டிருக்கிறது. அது சரியல்ல. அங்கே இயற்கை அறிவியல் தொழில்களுக்கான 2003-ஆம் ஆண்டின் 27-ஆம் எண் சட்டத்தில் 'சான்றிதழ் பெற்ற இயற்கை விஞ்ஞானி' என்று தனி வகையே இருக்கிறது. டிப்ளமோவோடு துறை அனுபவமும் உள்ளவர்கள் அதற்கு விண்ணப்பிக்கலாம். 'தொழில்முறை இயற்கை விஞ்ஞானி' என்ற வகைக்குத்தான் கூடுதல் படிப்பு தேவை. இரண்டையும் ஒன்றாக எண்ணியதால் வந்த குழப்பமாக இருக்கலாம்.

நீங்களே பார்த்துவிடலாம்: பதிவு செய்யும் மன்றமான சாக்னாஸ்ப் (SACNASP) தளத்தில் பதிவு வகைகளும் தகுதிகளும் உள்ளன. சட்டத்தின் முழு வாசகம் அரசுத் தளத்தில் இலவசம்.

டர்பனில் நம் பக்கத்திலேயே, உம்லாசியில், மங்கோசுத்து தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இயற்கைப் பாதுகாப்பில் டிப்ளமோ தருகிறது. அந்தத் தவறான செய்தியை நம்பிப் பிள்ளைகள் அதை விட்டுவிடக்கூடாதே என்றுதான் எழுதினேன்.