'ஸ்டார் ட்ரெக்' தொடரைத் தொடங்கியது பாராமவுண்ட் அல்ல

சிங்கப்பூர்த் தமிழர் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: "பாராமவுண்ட் ஸ்டூடியோ 1966இல் சொந்தமாகத் தொலைக்காட்சி நிறுவனம் தொடங்கி 'ஸ்டார் ட்ரெக்' எடுத்தது." இது தவறு.

அந்த அமெரிக்க அறிவியல் புனைகதைத் தொலைக்காட்சித் தொடரைத் தொடங்கியது டெசிலு. நடிகை லூசில் பாலும் அவர் கணவர் டெசி அர்னாஸும் 1950இல் நிறுவிய நிறுவனம். தாங்கள் ஒரு காலத்தில் சம்பளத்துக்கு நடித்த ஆர்கேஓ ஸ்டூடியோவையே 1957இல் விலைக்கு வாங்கினார்கள். மணமுறிவுக்குப் பின், 1962இல், கணவரின் பங்கையும் வாங்கி லூசில் பால் தனியாகத் தலைமையேற்றார். அந்நாளில் ஹாலிவுட்டில் ஒரு பெண் இவ்வளவு பெரிய ஸ்டூடியோவை நடத்தியது சாதாரணமா? அவர் பெயரையே விட்டுவிடுவதுதான் எனக்கு மிகவும் வருத்தம்.

1967இல் பாராமவுண்டின் உரிமையாளரான கல்ஃப் அண்ட் வெஸ்டர்ன் நிறுவனம் டெசிலுவை வாங்கியது. அதன் பிறகே டெசிலு, பாராமவுண்ட் டெலிவிஷன் ஆனது.

சரிபார்ப்பது எளிது. முதல் பருவ அத்தியாயங்களின் இறுதியில் டெசிலுவின் பெயர் வரும். பிந்தைய பருவத்தில் பாராமவுண்ட். விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகத்தில் நூலகரிடம் அமெரிக்கத் தொலைக்காட்சி வரலாறு பற்றிய நூல்களைக் கேட்டும் பார்க்கலாம்.

அந்தச் செய்தி வந்தால் தயவுசெய்து மேலும் அனுப்பாதீர்கள். அனுப்பியவரிடம் இந்த விவரத்தைச் சொல்லுங்கள்.