அழுக்குக்கு விலை இருந்த காலம்

அளவுக்கு மீறிப் பணம் வைத்திருப்பவனை ஆங்கிலத்தில் 'ஃபில்தி ரிச்' என்பார்கள். ஃபில்த் என்றால் சாதாரண அழுக்கு இல்லை, முகம் சுளிக்க வைக்கும் அசிங்கம். இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பக்கம் 'மக் கிடக்கிற இடத்தில் காசு கிடக்கும்' என்று ஒரு சொலவடையே உண்டு. மக் என்றாலும் சாணி, சகதி, அசிங்கம்தான். இதெல்லாம் வெறும் வாய்ப்பேச்சு இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டு லண்டனில் அசிங்கம் நிஜமாகவே விலைபோனது.

வீடுகளில் எரித்த நிலக்கரிச் சாம்பலுக்கு 'டஸ்ட்' என்று பெயர். அள்ளியவர் டஸ்ட்மேன். மலை மாதிரி குவித்த சாம்பலைப் பெண்கள் நின்று சலிப்பார்கள். தூள் சாம்பல் செங்கல் மண்ணில் கலக்கப் போகும். பிரிட்டனில் குப்பைத்தொட்டி இன்றைக்கும் டஸ்ட்பின்தான். நாய்ப் பீக்கு அவர்கள் வைத்த பெயர் இன்னும் அருமை: 'ப்யூர்'! லண்டனின் பெர்மண்ட்சி பகுதியில் தோல் பதனிடுகிறவர்களுக்குத் தோலை மிருதுவாக்க அது வேண்டும். ஏழைக் கிழவிகள் தெருத்தெருவாகப் பொறுக்கி, வாளிக்கு இவ்வளவு என்று விற்றார்கள். மனித மலம் 'நைட் சாயில்', ராத்திரியில் மட்டுமே அள்ளியதால். சுற்றுவட்டார விவசாயிகள் அதை உரத்துக்கு வாங்கிக்கொண்டார்கள்.

எதற்கு இவ்வளவும் சொல்கிறேன் என்றால், கூவத்தின் படத்தைப் போட்டு 'வெள்ளைக்காரனுக்குச் சுத்தம் ரத்தத்திலேயே இருக்கு' என்று எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ரத்தமாவது, சதையாவது. 1840களில் பெரு நாட்டிலிருந்து குவானோ என்ற கடற்பறவை எச்சம் உரமாகக் கப்பல் கப்பலாக வந்து இறங்கியது. நகரம் வீங்கி, வயல்களும் தூரமாகிவிட்டன. நைட் சாயிலைச் சீண்ட ஆளில்லை. அதே சமயம் வசதியான வீடுகளில் ஃபிளஷ் கக்கூஸ் வேறு பரவியது. விலைபோகாத சரக்கை என்ன செய்வது? தேம்ஸில் விட்டார்கள். பல பேர் குடித்ததும் அந்த ஆற்றுத் தண்ணீரைத்தான். 1832, 1849, 1854 என்று காலரா திரும்பத் திரும்ப வந்து ஆயிரக்கணக்கில் கொன்றது. கமிஷன் போட்டார்கள், அறிக்கை எழுதினார்கள்.

1858 கோடையில் நாற்றம் ஆற்றங்கரையில் இருந்த நாடாளுமன்றத்துக்குள்ளேயே புகுந்தது. பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் திரைச்சீலைகளை நனைத்துத் தொங்கவிட்டும் உறுப்பினர்களால் உட்கார முடியவில்லை. அப்புறம் என்ன, ஆற்றைச் சுத்தப்படுத்த 18 நாளில் சட்டம் நிறைவேறியது. (நம் கோட்டைக்கும் கூவம் கடலில் கலக்கும் இடத்துக்கும் தூரம் அதிகமில்லை. ஆனால் அங்கே ஏசி இருக்கிறது.)

பொறியாளர் ஜோசப் பசல்ஜெட் பூமிக்கடியில் 82 மைல் நீளத்துக்குப் பெரும் சாக்கடைகள் கட்டினார். அவையும் கழிவைச் சுத்திகரிக்கவில்லை; ஊருக்குக் கிழக்கே தள்ளிக் கொண்டுபோய் அதே ஆற்றில்தான் விட்டன. ஆனாலும் பலன் தெரிந்தது. 1866இல் காலரா மறுபடி வந்தபோது பெரும்பாலும் அடிவாங்கியது கிழக்கு லண்டன். அங்கே இருந்தவர்களும் வெள்ளைக்காரர்கள்தான். புதிய சாக்கடை இணைப்பு மட்டும் அவர்கள் பகுதிக்கு இன்னும் முடிந்திருக்கவில்லை.