யாஹூ சாட்டை பேஸ்புக் சாகடிக்கவில்லை

யாஹூ சாட் பற்றிப் பேச்சு வந்தாலே "பேஸ்புக் வந்துச்சு, அது போயிடுச்சு" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு இதில் கொஞ்சமும் உடன்பாடில்லை. பேஸ்புக் எல்லாருக்கும் திறந்துவிடப்பட்டதே 2006 செப்டம்பரில்தான். அதற்கு முன்பே, முன்பின் தெரியாதவர்கள் கூடி அரட்டை அடித்த யாஹூவின் அறைகள் பாழாகத் தொடங்கிவிட்டன, அதைக் கண்ணெதிரே பார்த்தவர்கள் இங்கேயே நிறையப் பேர் இருக்கிறீர்கள்.

இணையத்தில் கூட்டமாக அரட்டை அடிப்பது யாஹூ கண்டுபிடித்த விஷயம் இல்லை. 1988-லேயே பின்லாந்தில் யார்க்கோ ஒய்க்காரினென் ஐஆர்சி என்ற கூட்டு அரட்டை முறையை எழுதிவிட்டார். ஆனால் அதற்குத் தனி மென்பொருள் வேண்டும், சர்வர் பெயர் தெரியணும், கட்டளைகள் தெரியணும். 1997 ஜனவரியில் யாஹூ சாட் அறைகளைத் திறந்தபோது ஒரு யாஹூ ஐடி போதும், பிரவுசரிலேயே உள்ளே போய்விடலாம். அடுத்த வருடம் யாஹூ பேஜர் என்ற அரட்டை மென்பொருள் வந்தது, அதுதான் பிறகு மெசஞ்சர் ஆனது. நம் ஊரில் பிரவுசிங் சென்டர்கள் தெருத்தெருவாக முளைத்த காலமும் அதுதான். மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து உட்கார்ந்தவர்களில் பாதிப் பேர் மெயில் பார்த்துவிட்டு நேராகப் போனது சாட்டுக்குத்தான். உள்ளே நுழைந்ததும் ஏஎஸ்எல் கேட்பார்கள், அதாவது வயது, ஆணா பெண்ணா, எந்த ஊர். ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டச்சு செய்யப் பலர் பழகியது அங்கேதான்.

அதில் எனக்கு மிகவும் பிடித்தது குரல் அறைகள். ஒரு நேரத்தில் ஒருத்தர்தான் பேச முடியும். பொத்தானை அழுத்திப் பிடித்தால் மைக் உங்கள் கையில், விட்டால்தான் அடுத்தவருக்கு. ராத்திரி வேலை முடிந்து வந்த வளைகுடாக்காரர் ஒருத்தர் மைக்கைப் பிடித்து இளையராஜா பாட்டு பாடுவார், கீழே எழுத்தில் "அருமைண்ணா", "இன்னொண்ணு பாடுங்க", "மைக்க விடுப்பா" எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக ஓடும். பாடியவர் முகத்தை யாரும் பார்த்ததில்லை. அவரை எத்தனை பேர் பின்தொடர்கிறார்கள் என்ற கணக்கு எங்கேயும் கிடையாது. குரல் நன்றாக இருந்தால் கேட்டார்கள், அவ்வளவுதான்.

சரி, எங்கே கெட்டது? ஐஆர்சியில் ஒவ்வொரு சேனலுக்கும், அதாவது அரட்டை அறைக்கும், ஆபரேட்டர் என்று ஆட்கள் இருப்பார்கள், தொல்லை கொடுப்பவனை வெளியே தள்ளலாம், மறுபடி வராமல் தடுக்கலாம். யாஹூவின் பெரும்பாலான அறைகளில் அப்படிப் பார்த்துக்கொள்ள ஆளே கிடையாது. இக்னோர் அழுத்தினால் அவன் எழுதுவது நமக்குத் தெரியாது, மற்ற எல்லார் திரையிலும் அவன் இருப்பான். வாட்ச்மேன் இல்லாத சத்திரம் மாதிரிதான் இருந்தது. முதலில் பூட்டர்கள் வந்தார்கள், பிடிக்காதவரின் மெசஞ்சரையே முடக்கி வெளியே தள்ளும் சின்னச்சின்ன மென்பொருள்களோடு. அப்புறம் பாட்கள் (bot), அதாவது மனுஷன் மாதிரி தானாகவே எழுதும் நிரல்கள். பெண் பெயர், பக்கத்தில் நாலு எண், வெப்கேம் பார்க்க வா என்று ஒரு லிங்க், அதே வரி திரும்பத் திரும்ப. அறையில் முப்பது பெயர் தெரியும், வணக்கம் சொன்னால் பதில் சொல்ல ஒரு மனுஷன் இருக்க மாட்டான்.

இதைவிடக் கொடுமை, சிறுவர் சிறுமியரைக் குறிவைத்தே பெயர் வைத்த அறைகள் வெளிப்படையாக இருந்தன. 2005-இல் அமெரிக்காவில் ஹூஸ்டன் தொலைக்காட்சி ஒன்று இதை அம்பலப்படுத்தியது. பெரிய நிறுவனங்கள் விளம்பரத்தை நிறுத்தின. ஜூன் மாதம் பயனர்கள் உருவாக்கிய அறைகள் மொத்தத்தையும் யாஹூ மூடியது. அக்டோபரில் நியூயார்க் அட்டர்னி ஜெனரல் எலியட் ஸ்பிட்சர் தரப்போடு உடன்பாடு, சாட் இனி 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும். குழந்தைகள் விஷயத்தில் அந்த நடவடிக்கை நூற்றுக்கு நூறு சரி, சொல்லப்போனால் ரொம்பவே தாமதம். என் கோபமெல்லாம், ஒரு டிவி சேனல் வந்து காட்டும் வரை அந்த அறைகளுக்குள் நிறுவனத்தின் ஆள் யாரும் எட்டிப் பார்க்கவில்லையா என்பதுதான். பார்த்த பிறகாவது ஆள் போட்டிருக்கலாம். கெட்டது நல்லது எல்லாவற்றையும் சேர்த்து இழுத்துப் பூட்டினார்கள், மிச்சமிருந்ததைப் பாட்களிடம் விட்டார்கள். 2007-இல் அறைக்குள் நுழைய கோணல்மாணல் எழுத்தைப் படித்துத் தட்டச்சு செய்யும் கேப்சா வைத்தார்கள், அதையும் தாண்டி பாட்கள் வந்தன.

ஆர்குட் என்ற சமூக வலைத்தளம் கொஞ்சம் பேரை இழுத்தது உண்மைதான். ஆனால் நான் பழகியவர்கள் ஆர்குட்டைத் தேடிப் போகவில்லை, பேச ஆளில்லாமல் கிளம்பினார்கள். 2012 டிசம்பர் 14 அன்று பொது அறைகளை யாஹூ மொத்தமாக மூடியபோது எனக்குத் தெரிந்த யாரும் உள்ளே இல்லை. மெசஞ்சர் 2018 ஜூலை வரை இழுத்துக்கொண்டு கிடந்தது.

முன்பின் தெரியாதவர்கள் கூடிப் பேசும் இடம் இப்போது யாருக்கும் வேண்டாம் என்று சொல்பவர்கள் 2021-ஐ நினைத்துப் பாருங்கள். குரலிலேயே கூடிப் பேசும் கிளப்ஹவுஸ் செயலி ஆண்ட்ராய்டுக்கு வந்ததும் நம் ஆட்கள் ராத்திரி ராத்திரியாக அதில்தானே கிடந்தார்கள். அங்கே மாடரேட்டர் இருந்தார், மைக்கைக் கொடுக்கவும் பிடுங்கவும் அவரால் முடிந்தது. டிஸ்கார்ட் என்ற அரட்டைச் செயலியிலும் அப்படித்தான். ஐஆர்சியில் ஏற்கெனவே இருந்த ஏற்பாடுதான் இது, யாஹூ நினைத்திருந்தால் 1997-லேயே செய்திருக்கலாம்.